எங்கள் தெருவின் பட்டாளத்தார்கள்: பெயர்ப் பட்டியல் எழுத வழி கேட்கிறேன்

கேள்வி: வேப்பமரத்து வீட்டுப் பெண், தருமபுரி

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி நகரை ஒட்டி, இலக்கியம்பட்டிப் பக்கத்தில் எங்கள் தெரு இருக்கிறது. முனையிலிருந்து முனை வரை நடந்தால் நாற்பது வீடுகள்கூட இல்லை. தருமபுரி 1965-ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகு, அலுவலகங்களும் குடியிருப்புகளும் பெருகியபோதுதான் இது தெருவாக நிறைந்தது. அதற்கு முன்பு கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே சிதறிக் கிடந்த சில வீடுகளே இருந்தன என்று என் பாட்டி சொல்வார். அந்தப் பழைய வீட்டுக்காரர்களிலும் பின்னர் வந்து குடியேறியவர்களிலுமாக, நான் கேட்டறிந்த வரையில், பதினொருவர் போர்க்காலத்தில் படையில் இருந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் நால்வர்; 1962, 1965 ஆகிய ஆண்டுகளின் போர்களில் இருவர்; 1971-இல் மூவர்; 1987-இல் இலங்கைக்குச் சென்ற அமைதிப்படையில் ஒருவர்; 1999-இல் கார்கில் போரின்போது எல்லையில் ஒருவர்.

என் தந்தை அந்த மூவருள் ஒருவர். 1971-இல் மேற்கு எல்லையில் இராணுவ லாரி ஓட்டினார். கடந்த தை மாதம் அவர் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த எதிர் வீட்டுப் பையன், சாமியானாவின் கீழ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை, மிலிட்டரித் தாத்தாவின் பெயர் என்ன?" என்று கேட்டான். பிறந்ததிலிருந்து எங்கள் வாசலில் விளையாடிய பிள்ளை. பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அவருக்கு சல்யூட் வைத்துவிட்டுப் போனவன். அவனுக்கு அவருடைய பெயர் தெரிந்திருக்கவில்லை. அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் தெருவில் எல்லோருமே "மிலிட்டரி"தான்: வேப்பமரத்து மிலிட்டரி, மாடி வீட்டு மிலிட்டரி, சமையல் மிலிட்டரி, மூலை வீட்டு மிலிட்டரி. பட்டாளத்துக்குப் போய் வந்தவர் என்ற மரியாதையினால் வந்த அழைப்பு அது. நாளடைவில் அதுவே அவர்களுடைய பெயரை விழுங்கிவிட்டது.

அன்றிரவு தூக்கம் வராமல் ஒரு பள்ளி நோட்டில் பதினொரு பேரையும் எழுத உட்கார்ந்தேன். பத்துப் பேரின் பெயரை எழுத முடிந்தது. மூலை வீட்டு மிலிட்டரியின் பெயரை எழுத முடியவில்லை. அவர் 1970-களிலேயே இறந்துவிட்டார். பர்மாவில் இருந்தார் என்பார்கள். அவருடைய பேரனும் இப்போது இல்லை. பேரன் மனைவி மட்டும் அந்த வீட்டில் இருக்கிறார். அவருக்கும் "பெரிய மிலிட்டரித் தாத்தா" என்பதைத் தவிர வேறு பெயர் தெரியவில்லை. நிலப் பட்டா அந்தப் பெரியவரின் மனைவி பெயரில் இருக்கிறது. குலதெய்வத்தின் பெயரைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள் என்று ஒரு மூதாட்டி சொல்கிறார். அது வீட்டுக்குள் மட்டும் அழைத்த பெயர் என்று இன்னொருவர் மறுக்கிறார்.

தெரு இளைஞர்களிடம் சொன்னபோது, பிள்ளையார் கோவில் மேடையை ஒட்டி ஒரு கல் நட்டு, அதில் எல்லோர் பெயரையும் பொறித்துவிடலாம் என்று உடனே முன்வந்தார்கள். கல்லுக்குப் பஞ்சமில்லாத சீமை நம்முடையது. கல்லில் எதை எழுதுவது என்பதில்தான் பஞ்சம். தவறாக எழுதிவிட்டால் அழித்து எழுத முடியாது என்ற அச்சம் எனக்கு இருக்கிறது.

ஆகவே, விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். குடும்பத்தார் வாய்மொழியாகச் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது? மூலை வீட்டுப் பெரியவரின் பெயரைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா? இரண்டாம் உலகப் போர்க்கால நால்வருள் ஒருவர் மலேயா தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். மூலை வீட்டுக்காரரோ பிரிட்டிஷ் இந்தியப் படையில் பர்மாவில் இருந்தவர். ஒரே போரின் இரு பக்கங்களில் நின்ற இருவரையும் ஒரே கல்லில் எழுதலாமா? கடைசியாக, சொல்லத் தயங்குகிற ஒரு கேள்வி. தெருவில் ஒருவர், "துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டவர்களின் பெயர் மட்டும் போதும், சமையல் செய்தவரையும் வண்டி ஓட்டியவரையும் சேர்த்தால் கல்லுக்கு மதிப்பு இருக்காது" என்கிறார். என் தந்தை வண்டி ஓட்டியவர் என்பதால், இதற்கு நான் விடை சொன்னால் அது தன்னலமாகத் தோன்றும். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஹவில்தார், பர்கூர்

அம்மா, உங்கள் தந்தையாருக்கு என் வணக்கம். நானும் 1971-இல் மேற்கு எல்லையில்தான் இருந்தேன். மதராஸ் சாப்பர், அதாவது பெங்களூரில் உள்ள மதராஸ் பொறியாளர் பிரிவைச் சேர்ந்தவன். எங்களை இராணுவம் முழுவதும் "தம்பி" என்றுதான் அழைப்பார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் விடை சொல்கிறேன். போரில் எங்கள் வேலை, எதிரி புதைத்து வைத்த கண்ணிவெடிகளுக்கு நடுவே பாதை திறப்பது. டாங்கிகள் அந்தப் பாதையில்தான் போக வேண்டும். தரையில் குப்புறப் படுத்து, கையில் குச்சியைப் பிடித்து மண்ணை மெல்லக் குத்திக்குத்திப் பார்த்துக்கொண்டு நகர்வோம். அந்தப் பதினான்கு நாள் போரில் நான் எதிரியை நோக்கி ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. உங்கள் தெருக்காரர் சொல்லும் அளவுகோலின்படி என் பெயரும் கல்லில் வராது. அதே மதராஸ் சாப்பர்களைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம் 1944-இல் இத்தாலியில், வெடிக்கப்போகும் கண்ணியின்மேல் தம் உடலைப் போட்டு உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய விருது வழங்கப்பட்டது. அந்தக் கணத்தில் அவர் கையில் துப்பாக்கி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. லாரி ஓட்டியவரைப் பற்றியும் சொல்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு, முன்னால் போகும் வண்டியின் பின்புறத்தை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு, வெடிமருந்துப் பெட்டிகளை முதுகுக்குப் பின்னால் வைத்தபடி இரவு முழுவதும் ஓட்டுவார்கள். விமானம் வந்தால் முதலில் தேடுவது அந்த வண்டியைத்தான். உங்கள் தந்தையின் பெயரைத் தயங்காமல் எழுதுங்கள்.

இனி சரிபார்ப்பதற்கு வருகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் டிஸ்சார்ஜ் புக், அதாவது படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் புத்தகம், இருக்கிறதா என்று கேளுங்கள். படை எண், பதவி, பிரிவு, சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், பெற்ற பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஓய்வூதியம் பெற்றவர் என்றால் ஓய்வூதிய ஆணையிலும் எண் இருக்கும். படை எண்தான் முக்கியம். பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டாலும் எண் மாறாது. அந்த எண்ணுடன் அந்தந்தப் பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு, அதாவது ஆவண அலுவலகத்துக்கு, எழுதலாம். மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், எங்கள் சாப்பர்களுக்கு பெங்களூர், பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல் பிரிவுக்கு ஜபல்பூர், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. தருமபுரியிலேயே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. கடிதத்தை எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்பதை அங்கே நேரில் போய்க் கேட்பது நல்லது.

புத்தகம் தொலைந்துபோன வீடுகளில் பதக்கத்தைத் தேடுங்கள். 1965-இல் பணியில் இருந்தவர்களிடம் ரக்ஷா மெடலும், 1971-இல் இருந்தவர்களிடம் சங்கிராம் மெடலும் இருக்கலாம். போர்க்களப் பகுதியிலேயே இருந்தவராயின் 1965-க்கு சமர் சேவா ஸ்டார். 1971-க்குக் கிழக்கு என்றால் பூர்வி ஸ்டார், மேற்கு என்றால் பஸ்சிமி ஸ்டார். இலங்கைக்குப் போனவரிடம் "ஸ்ரீலங்கா" என்ற பட்டை பொருத்திய விதேஷ் சேவா மெடல் இருக்கும். வட்டப் பதக்கமாயின் முகப்பைப் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். எண்ணும் பெயரும் அங்கேதான் பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்.

பழைய கடித உறைகளையும் தூக்கி எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். இருக்கும் இடத்தை எழுத எங்களுக்கு அனுமதி இல்லை, முகவரியில் பிரிவின் பெயரும் "56 ஏ.பி.ஓ." அல்லது "99 ஏ.பி.ஓ." என்னும் இராணுவ அஞ்சலக எண்ணும்தான் இருக்கும். 99 என்றால் கிழக்குப் பக்கம் என்று கொள்ளலாம்.

இந்திய தேசிய இராணுவத்தவரைப் பற்றி என் மனத்தில் இருப்பதை மறைக்காமல் சொல்கிறேன். நேதாஜியிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் படைவீரன் எடுத்த உறுதிமொழியை உயிராகக் கருதும் இடத்தில் வளர்ந்தவன் நான். அதனால் அவரைத் தனி வரிசையில் எழுதுவது பொருத்தமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவர்கள் வேறுவிதமாக எண்ணினால் அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: வரலாற்று ஆசிரியர் (ஓய்வு), அரூர்

சகோதரிக்கு வணக்கம். ஹவில்தார் ஐயா சொன்னவை நடைமுறைக்கு மிகவும் பயன்படும். நான் பழைய போர்களைப் பற்றிச் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

முதலாவது, தேடும்போது "தருமபுரி மாவட்டம்" என்று தேடாதீர்கள். உலகப் போர்க்காலத்தில் அப்படி ஒரு மாவட்டமே இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர், ஓசூர் எல்லாமே சேலம் மாவட்டத்துத் தாலுகாக்கள். 1965 அக்டோபருக்கு முந்தைய எந்தப் படை ஆவணத்திலும் "சேலம் மாவட்டம்" என்றுதான் இருக்கும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு 2004 வரையிலும் "தருமபுரி மாவட்டம்" என்றிருக்கும். இதை அறியாமல் தேடிவிட்டு, எங்கள் ஊரிலிருந்து யாரும் போகவில்லை என்று முடிவுகட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படை ஆவணங்களில் சொந்த ஊரைக் குறிக்கும்போது கிராமம், அஞ்சல், தாலுகா ஆகியவற்றோடு அருகிலுள்ள ரயில் நிலையத்தையும் எழுதும் வழக்கம் உண்டு. இதில் நம் ஊருக்கே உரிய ஒரு செய்தி இருக்கிறது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஒரு குறும்பாதை ரயில் வந்து, பிறகு அது ஓசூர் வரை நீண்டது. போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் அதை மூடிவிட்டார்கள். போரின் தொடக்கத்தில் பட்டாளத்தில் சேரப் புறப்பட்டவர் தருமபுரியிலேயே ரயிலேறியிருக்கலாம். 1946-இல் திரும்பி வந்தவர் மொரப்பூரில் இறங்கி, பெட்டியைச் சுமந்துகொண்டு வேறு வழி தேடியிருக்க வேண்டும். மறுபடியும் தருமபுரிக்கு ரயில் வர இருபது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. உங்கள் மூலை வீட்டுப் பெரியவரைப் பற்றிக் கேட்கும்போது, "அவர் எந்த ஸ்டேஷனில் இறங்கி வந்தார்?" என்று முதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெயர் நினைவில் இல்லாதவர்களுக்கும் வழி நினைவில் இருக்கும். வழியைச் சொல்லத் தொடங்கினால் பெயரும் பின்னால் வரலாம்.

போரில் இறந்தவராக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தேட முடியும். உங்கள் பெரியவர் வீடு திரும்பியவர் என்பதால் அதில் இருக்க மாட்டார். ஆயினும் தெருவில் வேறு யாரேனும் திரும்பாமல் போயிருக்கிறார்களா என்பதையும் அதில் பாருங்கள். பெயரை எல்லா எழுத்துமுறைகளிலும் தேட வேண்டும். முனுசாமி என்ற ஒரே பெயரை முனிசாமி, முனுஸ்வாமி, மூனுசாமி என்றெல்லாம் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். சில பதிவுகளில் தந்தை, தாய், மனைவி ஆகியோரின் பெயர்களும் ஊரும் இருக்கும். சமையற்காரரைப் பற்றிய கேள்விக்கும் அந்தப் பதிவேட்டிலேயே விடை இருக்கிறது. சிப்பாய், நாயக் என்று வருவதைப் போலவே, சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர், சலவையாளர், துப்புரவாளர் என்றும் பதவிகள் வருகின்றன. பதவியால் வேறுபாடு காட்டாமல் எல்லோரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வதே அந்த ஆணையத்தின் கொள்கை.

முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசு பல ஊர்களில் ஒரு கல்வெட்டுப் பலகையைப் பதித்தது. "இவ்வூரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர்" என்பதுதான் அதன் வாசகம். எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. அந்தப் பலகையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. ஏனென்றால் நாம் வாழ்வது நடுகற்களின் நாட்டில். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரத்தில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, மாட்டு மந்தையை மீட்கப் போய் இறந்த ஒரு சாதாரண வீரனுக்குக் கல் நட்டு, எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, அவன் யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன, எதற்காகப் பட்டான் என்று வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் பொறித்து வைத்தார்கள். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், இறந்த வீரனோடு நின்று காவல் காத்த நாயின் உருவமும் இருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. நாயின் பெயரைக்கூட விட்டுவிடாத ஊர்க்காரர்கள் நாம். தருமபுரி அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களை உங்கள் தெரு இளைஞர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால், கல்லில் எதை எழுதுவது என்ற கேள்வி அவர்களுக்குப் பாதி தீர்ந்துவிடும்.

இந்திய தேசிய இராணுவத்தவர் குறித்து ஹவில்தார் ஐயாவின் உணர்வை நான் மதிக்கிறேன். இருந்தாலும் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சரணடைந்த இந்தியச் சிப்பாய்களுள் ஒரு பகுதியினர் அந்தப் படையில் சேர்ந்தார்கள். அவர்களைத் தவிர, எந்தப் படையிலும் எந்த உறுதிமொழியும் எடுத்திராத, ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். இந்தச் சகோதரி குறிப்பிடுபவர் இரண்டாம் வகையினர். அவர் முறித்த உறுதிமொழி எதுவும் இல்லை. 1972-இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு மத்திய அரசு ஓய்வூதியம் கொண்டுவந்தபோது இந்திய தேசிய இராணுவத்தவரும் அதற்குள் வந்தார்கள். எனவே அந்த வீட்டில் அதற்கான விண்ணப்பமோ ஆணையோ இருக்கலாம். ஒரே கல்லில், அதே எழுத்தின் அளவில், எந்தப் படை என்பதை மட்டும் உண்மையாகக் குறித்து எழுதுங்கள் என்பதே என் கருத்து.

மறுமொழி: காவேரிப்பட்டணத்திலிருந்து (அம்மா சொல்ல, மகள் எழுதியது)

என் கணவர் பட்டாளத்தில் சமையற்காரராக இருந்தார். 1965-இலும் 1971-இலும் போர் முனைக்குப் பின்னால் அடுப்பு மூட்டினார். நான் கேட்டதை மட்டும் சொல்கிறேன். புகை தெரிந்தால் விமானம் வரும் என்பதால் விடிவதற்கு முன்பே சமைத்து முடித்துவிட வேண்டும். கேழ்வரகுக் களி கிண்டத் தெரிந்த கை, அங்கே போய்ச் சப்பாத்தி மாவு பிசையக் கற்றுக்கொண்டது. இருட்டியதும் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிகளுக்குப் போவார்கள். "முதல் நாள் இரவு எண்ணி வைத்த சப்பாத்தி மறுநாள் மிஞ்சினால், அது எதனால் மிஞ்சியது என்று யோசிக்கக் கூடாது" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. சாகும் வரையிலும் எங்கள் வீட்டில் சப்பாத்தியை எண்ணிச் சுட அவர் விட்டதில்லை.

1971 கார்த்திகையிலிருந்து ஏழு வாரம் கடிதம் வரவில்லை. மாதந்தோறும் வரும் மணியார்டரும் நின்றுபோயிற்று. பஞ்சாயத்து ரேடியோவில் டெல்லிச் செய்தி சொல்லும் நேரத்துக்கு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கம்பத்தடியில் நிற்பேன். அவர் சமையற்காரர்தானே, அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் தெருச் சமையற்காரரின் மனைவி உயிரோடு இருந்தால், கல்லில் பெயர் வருமா வராதா என்ற பேச்சு அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாயே.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஹவில்தார், பர்கூர்

ஆசிரியர் ஐயா சொன்ன வேறுபாட்டை நான் எண்ணிப் பார்க்கவில்லை. தோட்டத்திலிருந்து நேராகச் சேர்ந்தவர் என்றால் என் தயக்கத்துக்கு இடமில்லை. ஒரே வரிசையில் எழுதுங்கள். காவேரிப்பட்டணத்து அம்மாவுக்கு என் வணக்கம். எங்கள் கம்பெனியின் சமையற்காரர் முகம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

விட்டுப்போன ஒரு செய்தி. இரண்டாம் உலகப் போரின் பதக்கங்களுள் ஆறு முனை நட்சத்திரங்கள் உண்டு. பர்மாவில் இருந்தவருக்கு பர்மா ஸ்டார் என்ற நட்சத்திரம்; கருநீல நாடாவின் நடுவில் சிவப்புப் பட்டை ஓடும். பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொடுத்தவற்றில் பெயர் பொறிக்கவில்லை. இந்தியர்களுக்குக் கொடுத்தவற்றிலோ பெரும்பாலும் பொறித்தே கொடுத்தார்கள். நட்சத்திரத்துக்கு விளிம்பில் இடம் கிடையாது. பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: வேப்பமரத்து வீட்டுப் பெண், தருமபுரி

மூன்று வாரங்களாக இங்கே வர முடியவில்லை, மன்னிக்க வேண்டும். உங்கள் ஒவ்வொருவரின் எழுத்தையும் அச்செடுத்துத் தெருக் கூட்டத்தில் படித்தேன். காவேரிப்பட்டணத்து அம்மாவின் வரிகளைப் படித்து முடித்தபோது, சமையற்காரரின் பெயர் வேண்டாம் என்று சொன்னவர் எழுந்து வெளியே போனார். மறுநாள் காலையில் கல் வாங்கும் செலவில் ஒரு பங்கைத் தாம் தருவதாக வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அவரை நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

இலங்கைக்குப் போய் வந்தவர் இப்போதும் தெருவில்தான் இருக்கிறார். தம் பெயர் வேண்டாம் என்கிறார். அங்கே தமிழ் பேசும் வீடுகளின் வாசலில் துப்பாக்கியோடு நின்ற நாட்களை நினைவூட்டும் எதுவும் தம் கண்ணில் படக் கூடாது என்பதே அவர் கூறிய காரணம். அவருடைய விருப்பப்படியே விட்டுவிட்டோம். கல்லில் ஒரு பெயருக்கான இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறோம். அதுவும் அவரிடம் கேட்டு, அவர் தலையசைத்த பிறகுதான்.

மூலை வீட்டுக்கு வருகிறேன். ஆசிரியர் ஐயா சொன்னபடியே, பெயரைக் கேட்காமல், அவர் எப்படி ஊர் வந்து சேர்ந்தார் என்று கேட்டேன். குலதெய்வத்தின் பெயரைச் சொன்ன அதே மூதாட்டி, "மொரப்பூரில் இறங்கி, மாட்டு வண்டியில் பச்சைப் பெட்டியோடு வந்தார், அந்தப் பெட்டியைத் தொட்டால் திட்டுவார்" என்றார். அந்தப் பச்சை டிரங்குப் பெட்டி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. விதைப் பயறு போட்டு வைத்திருக்கிறார்கள். பயறைக் கொட்டிவிட்டுப் பார்த்தோம். அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே, நாடா மக்கிப்போன நிலையில் ஒரு நட்சத்திரம் இருந்தது. ஹவில்தார் ஐயா எழுதியதை நினைத்துப் பின்புறத்தைத் திருப்பினேன். புளி போட்டுத் துடைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எழுத்து தேய்ந்துவிடுமோ என்று பயந்து ஈரத்துணியால் மட்டும் ஒற்றி எடுத்தோம்.

என் தந்தையின் பெயரைக் கேட்ட அந்தப் பையன்தான் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தான். முதலில் எண், பிறகு பெயர், அதன் பிறகு, போரில் சாலையும் பாலமும் போட்ட இந்திய பயனியர் பிரிவைக் குறிக்கும் எழுத்துகள். அது குலதெய்வத்தின் பெயர் இல்லை. பையன் எழுத்துக்கூட்டிய பெயரைக் கேட்டதும் பேரன் மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் தம் மூத்த மகனுக்கு வைத்திருப்பது அதே பெயர். வைக்கச் சொன்னவர் மறைந்த மாமியார். எதற்காக அந்தப் பெயர் என்று அப்போது யாரும் விளக்கவில்லையாம். கல் திறக்கும் நாளில்தான் எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும் என்று குடும்பத்தார் விரும்புவதால் அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

அவருடைய சேவை விவரங்களையும் கேட்டு எழுத எண்ணியிருக்கிறேன். பயனியர் பிரிவின் பழைய பதிவேடுகள் இப்போது எந்த ரெக்கார்ட் ஆபீசின் பொறுப்பில் இருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினால் போதுமா, இந்தியிலும் ஒரு படி வைக்க வேண்டுமா என்பதையும் ஹவில்தார் ஐயா சொல்ல வேண்டுகிறேன்.